ரப்பரில் சிறு மூலக்கூறு கலந்து அதிர்வுத் தணிப்பு ஷீட் செய்வது: கலவை முதல் டி.எம்.ஏ. அளவீடு வரை

ரோல் மில்லும் ஹைட்ராலிக் பிரஸ்ஸும் உள்ள பட்டறையிலோ கல்லூரி ஆய்வகத்திலோ இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நைட்ரைல் ரப்பரில் ஹிண்டர்டு ஃபீனால் என்ற சிறு மூலக்கூறைக் கலந்து, அதிர்வை விழுங்கும் ஷீட் ஒன்றைச் செய்து, அதை டி.எம்.ஏ. கருவியில் (பொருளை ஆட்டியபடியே சூடேற்றி, அதன் விறைப்பையும் தணிப்பையும் அளப்பது) அளந்து, சொந்தமாக ஒரு முடிவுக்கு வர வேண்டும். அதுதான் குறி. சேலத்தில் என்னிடம் இந்த வேலை பழக வந்த பிள்ளைகள் தடுமாறிய இடங்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் திறமைக் குறைவு இருந்ததில்லை. வரிசை மாறியதுதான் காரணம். அதனால் வரிசையை விடாமல் படியுங்கள்.

தொடங்கும் முன் நான்கு சொற்கள். ஒரு பொருளை ஆட்டும்போது அது ஸ்பிரிங் மாதிரி சேர்த்துவைத்துத் திருப்பித் தரும் பங்கைச் சேமிப்பு மாடுலஸ் காட்டும். சூடாக மாற்றி விழுங்கிவிடும் பங்கை இழப்பு மாடுலஸ் காட்டும். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வருவது டேன் டெல்டா. ரப்பர், கண்ணாடி போல் விறைத்த நிலையிலிருந்து நெகிழும் நிலைக்கு மாறும் வெப்பநிலை டி.ஜி. அந்த மாற்றத்தை ஒட்டித்தான் டேன் டெல்டா மலைபோல் எழும். 0.3க்கு மேல் இருக்கும் பகுதியையே தணிப்புக்கு உதவும் பகுதியாக இந்தத் துறையில் வழக்கமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

1. எந்தச் சூட்டில், எந்த அதிர்வெண்ணில் வேலை?

மூட்டையைப் பிரிப்பதற்கு முன் இரண்டு எண்களை ஒரு தாளில் எழுதி சுவரில் ஒட்டுங்கள்: ஷீட் வேலை செய்யப்போகும் வெப்பநிலை, அங்கே வரும் அதிர்வெண்.

காரணம் எளிது. டேன் டெல்டாவின் உச்சம் ஒரு குறுகிய வெப்பநிலைப் பட்டையில்தான் இருக்கும். அதற்கு 30 டிகிரி கீழே போனால் ஷீட் விறைத்துவிடும், 40 டிகிரி மேலே போனால் வெறும் மெத்து ரப்பர். இரண்டு இடத்திலும் அது அதிர்வை விழுங்காது. இளம்பிள்ளையில் சிமென்ட் ஷீட் கூரை போட்ட தறிக்கூடத்தில் மே மாத மதியம் 40 டிகிரியைத் தாண்டும். ஏற்காட்டில் காபி பல்ப்பர் (பழத்தோல் உரிக்கும் எந்திரம்) ஓடும் டிசம்பர், ஜனவரி இரவில் 15 டிகிரிக்குக் கீழே இறங்கும். நடுவில் ஒரு மலைப்பாதைதான். ஆனால் ஒரே கலவை இரண்டு இடத்துக்கும் ஒத்துவராது.

அறையின் வெப்பநிலையை எழுதாதீர்கள், ஷீட் ஒட்டும் இடத்தின் வெப்பநிலையை எழுதுங்கள். மோட்டார் அருகே உள்ள தகட்டை வேலை தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்துத் தொடு-வெப்பமானியால் பாருங்கள். அறையைவிடக் கூடுதலாகக் காட்டும்.

அதிர்வெண்ணுக்கு வருவோம். நிமிடத்துக்கு 150 பிக் (ஊடை இழை) போடும் சாதாரண விசைத்தறியின் அடிப்படை அதிர்வெண், 150ஐ 60ஆல் வகுத்தால் 2.5 ஹெர்ட்ஸ். ஆனால் காதைக் குடைவது அது இல்லை. நாடா அடிபடும் ஒவ்வொரு முறையும் தகடுகள் பத்து, நூறு, அதற்கும் மேற்பட்ட ஹெர்ட்ஸில் அதிரும். எதைக் குறைக்கப் போகிறீர்கள் என்று எழுதாமல் தொடங்கினால், கடைசியில் அழகான வளைவு இருக்கும், பயன் இருக்காது.

2. அந்த இடத்தில் தணிப்பு உதவுமா?

இந்தப் படியைத் தாண்டிப்போகிறவர்கள்தான் அதிகம். ஒரு தறிக்காரர் வந்து, “தம்பி, தறி ஓடினா பக்கத்து வீட்டுச் சுவரே ஆடுதுங்க, அடியில போட நல்ல ரப்பரா குடுங்க” என்றார். அவருக்குத் தேவை தணிப்பா, தனிமைப்படுத்தலா என்று முதலில் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டும் வேறு: தணிப்பு அதிர்வை விழுங்கும், தனிமைப்படுத்தல் அதிர்வைத் தரைக்குப் போகாமல் தடுக்கும்.

எந்திரத்தை ஷீட்டின் மேல் வைத்ததும் எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்துகொள்ளுங்கள். அமுக்கத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தால் 5ஐ வகுத்தால், இயல்பு அதிர்வெண் (எந்திரமும் ஷீட்டும் சேர்ந்து தானாக ஆடும் வேகம்) தோராயமாக ஹெர்ட்ஸில் கிடைக்கும். 1 மில்லிமீட்டர் அமுங்கினால் சுமார் 16 ஹெர்ட்ஸ். ரப்பர் ஆடும்போது நிலையாக இருப்பதைவிட விறைப்பாக நடந்துகொள்ளும், ஆகவே உண்மை எண் இதைவிடச் சற்று மேலே இருக்கும்.

வரும் அதிர்வெண் இந்த இயல்பு அதிர்வெண்ணைப் போல் 1.41 மடங்கைத் தாண்டினால்தான் தரைக்குப் போகும் அதிர்வு குறையத் தொடங்கும். அந்தப் பகுதியில் தணிப்பைக் கூட்டினால் தரைக்குப் போவது கூடும், குறையாது. இயல்பு அதிர்வெண்ணை ஒட்டிய பகுதியில்தான் தணிப்பு உயிரைக் காக்கும். 2.5 ஹெர்ட்ஸ் தறியை 16 ஹெர்ட்ஸ் ஷீட்டின் மேல் வைத்தால் அடிப்படை ஆட்டம் அப்படியே தரைக்குப் போகும். அவரிடம் இதைச் சொல்லி, அடித்தளத்தைத் தனியாகப் பார்க்கச் சொன்னேன். தறியின் பக்கத் தகடுகளில் எழும் ஒலிக்கு மட்டும் ஷீட் செய்யலாம் என்று முடிவானது.

இன்னொன்று: உச்சத்தை ஒட்டி வேலை செய்யும் பொருள் பாரத்தின் கீழ் மெல்ல மெல்லத் தாழும். எடை தாங்கும் வேலையை அதனிடம் தனியாக ஒப்படைக்காதீர்கள். இரண்டு தகடுகளுக்கு நடுவே வைக்கும் வேலைதான் இந்தக் கலவைக்குப் பொருத்தமானது.

3. தேவையான பொருட்கள்

ரப்பர்: அக்ரிலோநைட்ரைல் 33 சதவீதம் உள்ள நைட்ரைல் ரப்பர். சூடான இடத்துக்கு 41 சதவீதம் உள்ளதை எடுங்கள். நைட்ரைல் கூடக்கூட டி.ஜி. மேலே ஏறும், மூலக்கூறு கைகோக்கும் இடங்களும் கூடும்.

சிறு மூலக்கூறு: ஏ.ஓ.-60 என்ற ஹிண்டர்டு ஃபீனால். இர்கனாக்ஸ் 1010 என்ற பெயரில் வருவதும் இதே மூலக்கூறுதான். மூலக்கூறு எடை சுமார் 1178, உருகுநிலை 110 முதல் 125 டிகிரிக்குள். ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு ஃபீனால் கைகள். அந்தக் கைகள் ரப்பரின் நைட்ரைல் குழுக்களோடு ஹைட்ரஜன் பிணைப்பு போடும். ஆட்டும்போது அந்தப் பிணைப்புகள் அறுந்து மறுபடி சேரும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஆற்றல் சூடாகப் போகும். இந்தக் கலவையின் தணிப்புக்கு மூலம் அதுதான். சாதாரணமாக இந்தப் பொருளை ஆக்சிஜனேற்றத் தடுப்பானாகச் சிட்டிகை அளவு போடுவார்கள். இங்கே நூறு பங்கு ரப்பருக்கு 20 முதல் 100 பங்கு வரை போடுகிறோம்.

க்யூருக்கு, அதாவது ரப்பரை வேகவைத்து இறுகச் செய்ய: துத்தநாக ஆக்சைடு 3 முதல் 5 பங்கு, ஸ்டியரிக் அமிலம் 1, கந்தகம் 1.5, க்யூரை விரைவாக்கும் ஆக்சிலரேட்டர் சுமார் 1. தொடக்கத்துக்கு இது போதும்.

பெராக்சைடு க்யூர் வேண்டாம். ஃபீனால் தடுப்பானின் வேலையே ஃப்ரீ ராடிக்கல்களைப் பிடித்து அடக்குவது. பெராக்சைடு க்யூர் நடப்பதோ அந்த ராடிக்கல்களால். 60 பங்கு தடுப்பானைக் கொட்டிவிட்டுப் பெராக்சைடைச் சேர்த்தால் ஷீட் வேகாமல் பிசின் மாதிரி வரும். அளவைக் கூட்டிப் பார்த்து ஒரு வாரம் வீணாக்கியவர்கள் உண்டு.

முதல் தொகுதியில் கார்பன் பிளாக்கும் வேண்டாம். அது சேர்ந்தால் ஆட்டத்தின் அளவைப் பொறுத்தே மாடுலஸ் மாறும். மாற்றம் மூலக்கூறால் வந்ததா, கரியால் வந்ததா என்று பிரித்துப் பார்க்க முடியாது.

4. எவ்வளவு கலப்பது: முன்கணக்கு

குருட்டாம்போக்கில் ஐந்தாறு கலவை போட்டுப் பார்ப்பதைவிட, ஃபாக்ஸ் சமன்பாட்டை வைத்து ஒரு தோராயம் எடுத்துக்கொள்ளுங்கள். கலவையின் டி.ஜி.யின் தலைகீழ் = ரப்பரின் எடைப்பங்கை அதன் டி.ஜி.யால் வகுத்தது + மூலக்கூறின் எடைப்பங்கை அதன் டி.ஜி.யால் வகுத்தது.

மூலக்கூறின் டி.ஜி.யை நீங்களே அளக்க வேண்டும். டி.எஸ்.சி. (சூடேறும்போது பொருள் எடுக்கும் வெப்பத்தை அளக்கும் கருவி) தட்டில் உருக்கி, சட்டென்று குளிரவைத்து, மறுபடி சூடேற்றுங்கள். மெல்லக் குளிரவிட்டால் படிகமாகிவிடலாம், அப்போது டி.ஜி. தெளிவாகத் தெரியாது.

கணக்கைக் காட்ட ஒரு மாதிரி. ரப்பர் மைனஸ் 25 டிகிரி, மூலக்கூறு 45 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கெல்வினில் 248, 318. நூறு பங்கு ரப்பருக்கு 60 பங்கு போட்டால் எடைப்பங்கு 0.625, 0.375. விடை சுமார் 270 கெல்வின், அதாவது மைனஸ் 3 டிகிரி. டி.எம்.ஏ.யில் 1 முதல் 10 ஹெர்ட்ஸில் டேன் டெல்டா உச்சம் இதைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி மேலே வரும். ஏற்காட்டு இரவுக்கு இது நெருக்கம். சேலத்து மதியத்துக்குப் போதாது. அதற்கு நைட்ரைல் கூடிய ரப்பரும் கூடுதல் பங்கும் வேண்டும். ஹைட்ரஜன் பிணைப்பு பலமாக இருந்தால் உண்மை எண் ஃபாக்ஸ் கணக்கைவிட மேலே வரும். அந்த வித்தியாசத்தைக் குறித்துவைத்தால் பிணைப்பின் பலம் பற்றி ஒரு குறிப்பு கையில் இருக்கும்.

இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, செல்சியஸிலேயே கணக்குப் போடுவது. மைனஸ் எண் வந்து விடை குழம்பும். இன்னொன்று, 60 பங்கை 60 சதவீதம் என்று எடுத்துக்கொள்வது. நூற்றுக்கு 60 பங்கு என்பது மொத்தத்தில் 37.5 சதவீதம்தான்.

0, 20, 40, 60, 80, 100 என்று ஆறு கலவை போடுங்கள். பூஜ்ஜியக் கலவையை விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் மற்ற ஐந்தையும் எதோடு ஒப்பிடுவது?

5. கலவை: குளிர், சூடு, மறுபடி குளிர்

மொத்த வேலையின் உயிர்நாடி இந்தப் படி. இங்கே மட்டும் அவசரம் கூடாது.

முதல் கட்டம், குளிர் ரோலில். ரப்பரை நாலைந்து முறை ஓட்டிப் பதப்படுத்துங்கள். ரோலைச் சுற்றி வழவழப்பான பட்டை உட்கார்ந்ததும் ஏ.ஓ.-60 பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், பொடி மென்மையானது, பறக்கும். தட்டில் விழுவதை வாரி வாரித் திரும்பச் சேர்க்க வேண்டும். முடிந்ததும் மொத்தத்தை எடை போடுங்கள். போட்டதற்கும் வந்ததற்கும் ஒரு சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விகிதம் தவறிவிட்டது என்று பொருள். ரப்பர் தரையில் சிந்தாது, சிந்துவது பொடிதான்.

இப்போது பட்டை வெள்ளையாக, சுண்ணாம்பு பூசியது போல இருக்கும். கலந்துவிட்டது என்று தோன்றும். கலக்கவில்லை. பொடி துகளாகவே உள்ளே கிடக்கிறது. அப்படியே விட்டால் அது வெறும் நிரப்பி. ரப்பரோடு பிணைப்புப் போட மூலக்கூறு ஒவ்வொன்றாகக் கரைய வேண்டும்.

இரண்டாம் கட்டம், சூடான ரோலில். ரோலின் மேற்பரப்பு 130 டிகிரி ஆகும் வரை பொறுங்கள். பேனலில் தெரியும் எண்ணை நம்பாதீர்கள். அது எண்ணெய்யின் சூடு, ரோலின் தோலில் பத்து டிகிரி வரை குறைவாக இருக்கலாம். இந்தப் பொருளின் உருகுநிலை 110 முதல் 125 என்பதால் அந்தப் பத்து டிகிரியில் பாதிப் பொடி உருகாமல் நின்றுவிடும். தொடு-வெப்பமானியை ரோலின் நடுவிலும் இரு ஓரங்களிலும் வைத்துப் பாருங்கள்.

பட்டையைப் போட்டு ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். முதல் நிமிடத்தில் மாற்றம் தெரியாது. அப்புறம் ஓரங்களிலிருந்து வெள்ளை கலங்கத் தொடங்கும். வெட்டி மடித்துப் போடப் போட, சுண்ணாம்பு நிறம் போய் தேன் நிறம் வரும். கத்தியால் ஒரு துண்டை அறுத்து டியூப்லைட்டுக்கு முன்னே இழுத்துப் பிடியுங்கள். வெளிச்சம் ஒரே சீராக ஊடுருவ வேண்டும். அரிசி நொய் போல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் இன்னும் இரண்டு நிமிடம் ஓட்டுங்கள். இந்தக் கட்டத்தில் ரப்பர் ரோலில் ஒட்டும், தொய்யும், கையாளச் சிரமமாக இருக்கும். மூலக்கூறு உருகி ரப்பரை இளக்குவதால் அப்படி ஆகிறது. பயப்பட வேண்டாம்.

மூன்றாம் கட்டம், முழுதாகக் குளிர்ந்த பின், மறுபடி குளிர் ரோலில். துத்தநாக ஆக்சைடு, ஸ்டியரிக் அமிலம், ஆக்சிலரேட்டர், கடைசியில் கந்தகம்.

எல்லாப் பொடியையும் ஒரே நேரத்தில் போட்டால் வேலை மிச்சம் என்று ஒரு பையன் நினைத்தான். கந்தகத்தையும் சேர்த்துவிட்டு 130 டிகிரி ரோலில் ஓட்டினான். நாலாவது நிமிடத்தில் பட்டை கிழிந்து, கட்டி கட்டியாக உதிர்ந்தது. மோல்டுக்குப் போகும் முன்பே வெந்துவிட்டது. அந்தத் தொகுதியை எதுவும் செய்ய முடியாது. கந்தகமும் ஆக்சிலரேட்டரும் சூட்டைப் பார்ப்பது ஒரே ஒரு முறை, பிரஸ்ஸில் மட்டும்.

6. பிரஸ்ஸில் வேகவைத்தல்

ஆறு கலவைக்கும் தனித்தனியாக ரியோமீட்டர் (க்யூர் எந்த வேகத்தில் நடக்கிறது என்று காட்டும் கருவி) வளைவு எடுங்கள். ஒன்றுக்கு எடுத்த நேரத்தை மற்றவற்றுக்குப் போடக் கூடாது. மூலக்கூறு கூடக்கூட கந்தகம் மொத்தத்தில் நீர்த்துப்போகும், க்யூர் வேகம் மாறும்.

160 டிகிரி, 90 சதவீத க்யூர் நேரம், 2 மில்லிமீட்டர் ஷீட். இவ்வளவுதான். வெளியே எடுத்ததும் தடித்த குளிர்ந்த இரும்புப் பலகையில் போட்டுச் சட்டென்று ஆறவிடுங்கள். பிரஸ்ஸிலேயே மெல்ல ஆறினால் மூலக்கூறு படிகமாகப் பிரிய நேரம் கிடைக்கும். எல்லா ஷீட்டையும் ஒரே விதமாக ஆறவைப்பது முக்கியம். ஒன்றை மாலையில் எடுத்து, மற்றொன்றை இரவெல்லாம் பிரஸ்ஸில் விட்டுவிட்டு இரண்டையும் ஒப்பிட்டால் அது ஒப்பீடே ஆகாது.

7. கரைந்ததா என்று உறுதிசெய்தல்

டி.எம்.ஏ.க்குப் போகும் முன் டி.எஸ்.சி.யில் ஒரு சிறு துண்டு. 110 முதல் 125 டிகிரிக்குள் உருகும் பள்ளம் தெரியக் கூடாது, டி.ஜி. ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். பள்ளம் தெரிந்தால் படிகம் மிச்சம் இருக்கிறது. இரண்டு டி.ஜி. தெரிந்தால் ரப்பர் தனியாகவும் மூலக்கூறு செறிந்த பகுதி தனியாகவும் பிரிந்து கிடக்கின்றன. இரண்டுக்கும் மருந்து ஐந்தாம் படிதான், திரும்பப் போங்கள்.

அகச்சிவப்பு நிறமாலை எடுக்க வசதி இருந்தால் ஃபீனாலின் ஹைட்ராக்சில் பட்டையைப் பாருங்கள். பிணையாத கை 3640 அலை எண்ணுக்குப் பக்கத்தில் கூர்மையாக நிற்கும். பிணைந்தது அதற்குக் கீழே அகலமாக விரியும்.

8. மாதிரி வெட்டுதல்

புது பிளேடு. ஒவ்வொரு மாதிரிக்கும் ஐந்து இடத்தில் தடிமன் அளவீடு. மாதிரியை வளைத்து அளக்கும் முறையில் விறைப்பு, தடிமனின் மும்மடிக்கு ஏற்ப மாறும். அங்கே தடிமனில் 3 சதவீதப் பிழை மாடுலஸில் 9 சதவீதமாகப் பெருகும். டேன் டெல்டா ஒரு விகிதம் என்பதால் இந்தப் பிழை அதில் பெரிதாகத் தெரியாது. தெரியாததாலேயே பலர் கவனிக்காமல் விடுகிறார்கள், அப்புறம் இழப்பு மாடுலஸை வைத்து வாதம் செய்யும்போது மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒரு நாள் உலர்கலத்தில் வையுங்கள். மழைக்காலத்தில் மாதிரியின் மேல் ஈரம் படியும். கருவி பூஜ்ஜியத்துக்குக் கீழே குளிரும்போது அது உறைபனியாகும். சூடேறும்போது 0 டிகிரியை ஒட்டி உருகி, வளைவில் ஒரு சின்ன மேடு காட்டும். அதைப் புது நிலைமாற்றம் என்று நினைத்து ஒரு பக்கம் விளக்கம் எழுதிக்கொண்டு வந்த மாணவி உண்டு. மேடு சரியாக 0 டிகிரியில் இருந்தால் முதலில் தண்ணீரைச் சந்தேகியுங்கள்.

9. டி.எம்.ஏ. ஓட்டம்

முதலில் பிடிமானம். உறைந்த நிலையில் மாடுலஸ் கிகாபாஸ்கல் அளவு, நெகிழ்ந்தபின் மெகாபாஸ்கல் அளவு. ஆயிரம் மடங்கு சரிவு. மெல்லிய பட்டையை இழுவிசைப் பிடியில் போடுவது இந்தக் கலவைக்கு வசதி. நிலையான இழுவிசை, ஆட்டும் விசையைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்படி கருவியைப் பின்தொடரச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஆட்டத்தின் பாதியில் பட்டை தொய்ந்து வளையும். நெகிழ்ந்தபின் அதே விசை தொடர்ந்தால் பட்டை நீண்டுவிடும். அதனால்தான் பின்தொடர்தல்.

அடுத்தது நேர்கோட்டு எல்லை. ஆட்டத்தின் அளவை 0.01 சதவீதத்திலிருந்து மெல்லக் கூட்டிப் பாருங்கள். மாடுலஸ் மாறாமல் இருக்கும் பகுதிக்குள் ஓர் அளவைத் தேர்ந்தெடுங்கள். குளிரிலும் சூட்டிலும் தனித்தனியாகப் பாருங்கள். உறைந்த நிலையில் எல்லை மிகக் குறுகியது.

குளிர்ந்ததும் பிடியை மறுபடி இறுக்குங்கள். ரப்பர் சுருங்கும், பிடி தளரும். தளர்ந்த பிடியில் உராய்வு உண்டாகி அதுவும் டேன் டெல்டாவாகப் பதிவாகும். உறைந்த நிலையில் டேன் டெல்டா 0.1க்கு மேல் கிடந்தால் பிடியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மைனஸ் 60 முதல் 100 டிகிரி வரை, நிமிடத்துக்கு 2 டிகிரி. வேகமாக ஏற்றினால் மாதிரியின் உள்சூடு வெப்பமானியைவிடப் பின்தங்கும், உச்சம் பொய்யாக மேலே நகரும். நேரம் மிச்சம் பிடிக்க 5 டிகிரி வைத்து, ஏற்கெனவே 2 டிகிரியில் எடுத்த வளைவோடு ஒப்பிடுவது கூடவே கூடாது.

1, 3, 10, 30 ஹெர்ட்ஸ் என்று நான்கு அதிர்வெண்ணில் ஒரே ஓட்டத்தில் எடுங்கள். பதினோராம் படிக்கு இது தேவைப்படும்.

ஓடி முடிந்த மாதிரியைத் தூக்கி எறியாதீர்கள். குளிரவைத்து இரண்டாம் முறை ஓட்டுங்கள். இரண்டு வளைவும் ஒத்துப்போனால் நல்லது. முதல் ஓட்டத்தில் உச்சம் குட்டையாகவும் இரண்டாவதில் உயரமாகவும் வந்தால், முதலில் படிகம் இருந்து சூட்டில் கரைந்திருக்கலாம். அறிக்கையில் எந்த ஓட்டம் என்று எழுதுங்கள்.

10. வளைவைப் படித்தல்

மூலக்கூறு கூடக்கூட உச்சம் வலப்பக்கம் நகர்ந்து உயர வேண்டும். உயராமல் அகலமாக மட்டும் விரிந்தால் கலவை சீராக இல்லை.

உச்சத்தின் உயரத்தை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். சுவரில் ஒட்டிய தாளைப் பாருங்கள். அந்த வெப்பநிலையில் டேன் டெல்டா எவ்வளவு, 0.3க்கு மேல் எத்தனை டிகிரி அகலம் என்பவைதான் கேள்விகள். உயரமான ஒல்லி உச்சத்தைவிட, சற்றுக் குட்டையான அகல உச்சம் நம் ஊருக்கு நல்லது. காலை 25, மதியம் 40 என்று மாறும் இடத்தில் ஒல்லி உச்சம் இரண்டு மணி நேரம்தான் வேலை செய்யும்.

தகட்டின் மேல் வெறுமனே ஒட்டப்போகிறீர்களா, இழப்பு மாடுலஸைப் பாருங்கள். இரண்டு தகடுகளுக்கு நடுவே வைக்கப்போகிறீர்களா, டேன் டெல்டாவோடு விறைப்பையும் பாருங்கள். இடையில் இருக்கும் படலம் மிக விறைப்பாக இருந்தால் சறுக்கி உருமாறாது. மிக மெத்தாக இருந்தால் மேல் தகடு கீழ்த் தகட்டைப் பிடிக்காது.

11. உங்கள் அதிர்வெண்ணுக்கு நகர்த்துதல்

அதிர்வெண் பத்து மடங்கு கூடினால் உச்சம் சில டிகிரி மேலே போகும். நான்கு அதிர்வெண்ணிலும் உச்ச வெப்பநிலையை எடுத்து, அதிர்வெண்ணின் மடக்கையோடு கோடு போடுங்கள். 100 ஹெர்ட்ஸ் தகட்டு ஒலிக்குச் செய்பவர் 1 ஹெர்ட்ஸ் உச்சத்தை நம்பினால், வேலை நேரத்தில் ஷீட் விறைத்த பக்கம் சாய்ந்திருக்கும்.

வெப்பநிலை-நேர மேற்பொருத்தம் (பல வெப்பநிலைகளில் எடுத்த வளைவுகளை நகர்த்தி ஒரே நீண்ட வளைவாக்குவது) செய்ய விரும்பினால் சரி, ஆனால் அந்த நகர்த்தலுக்கு 1955இல் வில்லியம்ஸ், லாண்டல், ஃபெரி மூவரும் தந்த சமன்பாட்டின் 17.44, 51.6 என்ற எண்களை அப்படியே போட வேண்டாம். உங்கள் தரவிலிருந்தே மாறிலிகளைப் பொருத்துங்கள். அதற்கும் முன் ஒரு சோதனை: எல்லா வெப்பநிலைத் தரவையும் சேர்த்து, சேமிப்பு மாடுலஸுக்கு எதிரே இழப்பு மாடுலஸை வரையுங்கள். ஒரே கோடாக விழ வேண்டும். சூடு ஏற ஏற ஹைட்ரஜன் பிணைப்பின் எண்ணிக்கையே மாறுவதால் இந்தக் கலவைகளில் கோடு பிரிவது உண்டு. பிரிந்தால், மேற்பொருத்தி நீட்டிய வளைவை வெளியிடாமல், அளந்த எல்லைக்குள்ளேயே பேசுங்கள்.

12. ஆறப்போட்டு மறுபடி அளத்தல்

செய்த வாரமே அளந்து முடித்துவிடுகிறவர்களின் எண்கள் எனக்கு அரை நம்பிக்கைதான். கரைந்த மூலக்கூறுக்கு மெல்ல வெளியே வந்து படிகமாகும் பழக்கம் உண்டு. டி.ஜி.க்கு மேலே இருக்கும் வெப்பநிலையில் அதற்கு நகர வசதி அதிகம்.

ஒவ்வொரு கலவையிலும் மூன்று துண்டு எடுத்து, ஒன்றை அறையிலும், ஒன்றை 40 டிகிரி அடுப்பிலும், ஒன்றை ஃபிரிட்ஜிலும் வையுங்கள். ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம் கழித்து டி.எஸ்.சி., டி.எம்.ஏ. இரண்டும் எடுங்கள். உச்சம் தாழ்ந்து இடப்பக்கம் நகர்ந்தால் மூலக்கூறு ரப்பரை விட்டுப் பிரிகிறது. கண்ணுக்கே தெரியும் அடையாளமும் உண்டு: மேற்பரப்பில் வெள்ளைப் பூப்பு. நகத்தால் கீறினால் பொடியாக வரும்.

100 பங்கு போட்டது முதல் வாரத்தில் முந்தி நிற்கும். மூன்றாவது மாதத்தில் பூத்துப் போவதற்கும் அதற்குத்தான் வாய்ப்பு அதிகம். நிலையாக நிற்கும் 60 பங்கைத் தேர்ந்தெடுக்கத் தயங்காதீர்கள்.

13. பொருத்துதல்

தகட்டைச் சோப்பு நீரால் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து உலர்த்துங்கள். எண்ணெய் படிந்த தகட்டில் ஒட்டினால் ஓரம் எழும். எழுந்த இடத்தில் தணிப்பு சுழியம். வெள்ளைப் பூப்பு வந்த ஷீட்டும் ஒட்டாது.

ஷீட்டை மெல்லிதாக வைத்து, மேலே ஒரு தகட்டை மூடி ஒட்டுங்கள். அடித்தகடு வளையும்போது நடுவில் உள்ள ரப்பர் சறுக்கி உருமாற வேண்டும். வெறுமனே மேலே ஒட்டிய ஷீட் நீண்டு சுருங்க மட்டும் செய்யும், அதில் விழுங்கும் ஆற்றல் குறைவு.

இளம்பிள்ளைத் தறிக்காரரின் பக்கத் தகடுகளில் இப்படித்தான் போட்டோம், நைட்ரைல் கூடிய ரப்பரில் செய்த கலவை. ஒட்டும் முன்னும் பின்னும், தறி நின்றிருக்கும்போது அதே தகட்டின் அதே இடத்தில் சின்ன மரச்சுத்தியால் தட்டி, ஒலி அடங்கும் நேரத்தைப் பதிவுசெய்தேன். அந்தப் பதிவைக் காலை ஆறு மணிக்கு ஒரு முறையும் மதியம் இரண்டு மணிக்கு ஒரு முறையும் எடுங்கள். இரண்டிலும் ஒலி சீக்கிரம் அடங்கினால் ஷீட்டை அங்கேயே விடலாம். காலையில் மட்டும் அடங்கினால் உச்சம் கீழே நிற்கிறது, நான்காம் படிக்குப் போய்ப் பங்கைக் கூட்டுங்கள் அல்லது ரப்பரை மாற்றுங்கள்.